கம்ப்யூட்டருக்குக் கணப்பு வைத்த கதை

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர் அதைத் தொடவே மாட்டார். நன்றாகத் தெரிந்தவராலும் கெடுதல் இல்லை. ஊரைக் கலக்குகிறவர்கள் ஆறு மாத டிப்ளமோ படித்தவர்கள்தான். அவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். நான் கோத்தகிரியில் ஒரு பேக்கரி மாடியில் ஆறு மாத டிப்ளமோ படித்தவள். முதல் வகுப்பில் தேறியவள் வேறு. (எங்கள் பேட்சில் எல்லோருமே முதல் வகுப்புதான். இதை வீட்டில் நான் சொன்னதில்லை.)

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என் அப்பாவுக்கு வரவிருந்த வேலையை நான் கிட்டத்தட்ட எரித்தேன். எரித்தேன் என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை, பின்னால் பார்ப்பீர்கள்.

கட்டபெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரி. அதன் ஆபீசில் அப்பா இருபத்திமூன்று வருடமாக கிளார்க். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமான மறுமாதம் மலையேறியவர். ஃபேக்டரிக்கு இருநூறு அடி கீழே சரிவில் ஒரு வரிசை வீடுகள், அதில் நாலாவது எங்களுடையது. வாசலில் நின்றால் ஃபேக்டரியின் புகைபோக்கி தெரியும். அதில் புகை வந்தால் எங்கள் ஊருக்கு வேலை இருக்கிறது, வராவிட்டால் இல்லை. இதைவிடச் சுருக்கமான செய்தித்தாள் வேறெங்கும் கிடையாது.

அந்த வருடம் தேயிலை விலை தரைக்கு வந்துவிட்டது. கொழுந்துக்குக் கிடைத்த காசு, பறித்த கூலிக்கே போதவில்லை. ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை ஃபேக்டரி பாய்லரை அணைத்தார்கள். 'கொஞ்ச நாளைக்கு' என்றார்கள். மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது ஆபீஸ் கம்ப்யூட்டரை அப்பாவின் கையில் ஒப்படைத்தார். "உங்க பொண்ணு படிச்சிருக்குல்லங்க, வச்சுக்கட்டும்" என்றார். எவ்வளவு தாராளமான மனுஷர் என்று அம்மா மூன்று நாள் புகழ்ந்தாள். நாலாம் நாள் அதன் திரை முதன்முறையாக நீலமாகி நின்றது.

அதற்குள் திருப்பூரிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கடிதம் மேல் கடிதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்கி வந்தால் அப்பாவை செக்கிங்கில் சேர்த்துவிடுவதாக எழுதியிருந்தார். அப்பா அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பதில் போட மாட்டார். அம்மா மட்டும் எங்கள் ஸ்வெட்டர்களையெல்லாம் எடுத்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று யார் யாருக்கோ கொடுக்கப் பெயர் சொல்லி வைத்துவிட்டாள். அப்பா அந்த மூட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு மலையை விட்டுப் போக மனசே இல்லை. எனக்கும்தான்.

இந்த நேரத்தில்தான் மசினகுடியில் ஒரு புது ரிசார்ட்டுக்கு ஆபீஸ் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று பேப்பரில் வந்தது. வருகிறவர்களுக்கு அறை பதிய வேண்டும், கடிதம் எழுத வேண்டும், எல்லாம் கம்ப்யூட்டரில். மசினகுடியும் எங்கள் ஜில்லாதான். வாரம் ஒருமுறை அப்பா வீட்டுக்கு வந்துவிடலாம், நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அப்பாவின் பெயரில் விண்ணப்பத்தை நானே எழுதினேன். 'கம்ப்யூட்டரில் நல்ல தேர்ச்சி உண்டு. வீட்டிலேயே தினமும் பயன்படுத்துகிறார்' என்று ஒரு வரி சேர்த்தேன். (ஃபேக்டரியில் அப்பாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த ஒரே தொடர்பு, சாயங்காலம் அதன்மேல் துணி போர்த்துவது. அவர் வேலையெல்லாம் டைப்ரைட்டரில்.)

பொய்க்கு உடனே பலன் கிடைத்தது. ரிசார்ட் முதலாளியே பதில் எழுதியிருந்தார். கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து, அப்பா கம்ப்யூட்டரில் வேலை செய்வதைப் பார்த்துவிட்டால் பேசி முடித்துவிடலாமாம்.

அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அம்மிணி, இதென்ன, எனக்கு நல்லாத் தெரியும்னு எளுதியிருக்கே?"

"இன்னும் மூணு வாரம் இருக்குதுங்கப்பா. தெரிஞ்சுக்குவீங்க."

தெரிந்தும் கொண்டார். அதுதான் இந்தக் கதையில் நான் எதிர்பார்க்காத அதிசயம். டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் என்பதால் என்னைவிட மூன்று மடங்கு வேகமாக அடித்தார். ஒரே ஒரு சிக்கல். வரி முடியும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாக மேலே எழும்பி, டைப்ரைட்டரில் உருளையைத் தள்ளுவதுபோலக் காற்றை ஓங்கித் தள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நான் முதல் நாளே கன்னத்தில் ஒன்று வாங்கினேன். அப்புறம் வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன்.

சிக்கல் அப்பாவிடம் இல்லை, பெட்டியிடம். அடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று திரை முழுக்க நீலமாகும். வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதேதோ வரும். அதற்கப்புறம் எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. அதுவரை அடித்ததெல்லாம் போயிற்று. அப்பா அடிக்கும்போது முதல் தடவை அது வந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். மேனேஜர் ரூமுக்குள் வந்தால் நிற்பாரே, அப்படி.

"நான் எதாச்சும் தொடக்கூடாத எடத்துல தொட்டுட்டனா?" என்றார்.

எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நீங்க ரொம்ப வேகமா அடிக்கறீங்கப்பா. அதால தாங்க முடியறதில்ல."

பாவம் மனுஷர், அடுத்த நாலு நாள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி அடித்தார். நீலமும் தவறாமல் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருப்பது பின்னால் நடந்த களேபரத்தைவிட இந்த நாலு நாள்தான்.

பிறகு நான் முறைப்படி இறங்கினேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, நாள், ஆரம்பித்த நேரம், நீலமான நேரம், குறிப்பு என்று நாலு கட்டம் போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேரையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். இருபத்தைந்தாவது நிமிடம் நீலம். மறுபடியும் அழித்து ஏற்றினேன். அதே இருபத்தைந்து. பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று அம்மாகூடக் கேட்டாள். நான் படித்தது சாஃப்ட்வேர். பெட்டியைத் திறப்பது ஹார்ட்வேர்காரர்கள் வேலை. ஸ்குரூவைக் கழற்றுவதற்கா முதல் வகுப்பில் தேறினேன்?

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் வந்தது. ஈரம்!

எங்கள் ஊரில் எது கெட்டாலும் காரணம் ஈரம்தான். ஐப்பசி மழையில் தீக்குச்சி பற்றாது, உப்பு தண்ணீராகும், பீரோவில் தொங்கும் பெல்ட்டுக்குத் தாடி முளைக்கும். துணிமணிக்குப் பூஞ்சை வராமலிருக்க அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். நனைந்த துணியைக் கணப்புச் சட்டியில் கரி போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் காயவைப்போம். ரேடியோ கரகரத்தால் அதற்கும் கணப்பின் ஓரத்தில் இடம் உண்டு. குளிரில் பிறந்து குளிரிலேயே வளர்ந்தவர்களுக்கு, ஒரு பொருள் சூட்டினாலும் கெடும் என்ற சந்தேகம் கனவிலும் வராது.

முதலில் அம்மா உதவிக்கு வந்தாள். திருப்பூர் மூட்டையிலிருந்து ஒரு பச்சை ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் பெட்டிக்கு அளவெடுத்து ஒரு உறை பின்னினாள். முன்பக்கம் பட்டனுக்கு மட்டும் ஓட்டை, நடுவில் சிவப்பு ரோஜாப்பூ. பின்பக்கம் காற்றாடி இருந்த இடத்தை இரட்டைப் பின்னலாக அடைத்தாள், அங்கேதான் சில்லென்று காற்று புகும் என்று. அன்றைக்குப் பதினெட்டாவது நிமிடத்தில் நீலமாகியது.

உறை போதவில்லை என்று முடிவு செய்தேன். அலமாரியிலிருந்து பல்பைக் கழற்றி, அதைவிடப் பெரிய அறுபது வாட் பல்பாக மாற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் எரியவிட்டேன். பதினாலு நிமிடம்.

நேரம் குறைந்துகொண்டே வருவது எனக்கும் தெரியத்தான் செய்தது. அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். உள்ளே ஊறிப்போன ஈரமெல்லாம் இப்போதுதான் வெளியே வருகிறது, ஜுரம் இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை ஏறுமே, அப்படி. அம்மா தலையாட்டினாள். கடைசி வாரம் கணப்புச் சட்டியே வந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். பதினோரு நிமிடம்.

இந்த வைத்தியத்தின் நடுவே வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா சட்டென்று மூக்கை உயர்த்துவார்.

"வாசம் வருதே?"

எழுந்து வாசலுக்குப் போவார். மேலே ஃபேக்டரியைப் பார்ப்பார். மூடுபனியாய் இறங்கிய மஞ்சுக்கு நடுவே புகைபோக்கி சும்மா நின்றுகொண்டிருக்கும். திரும்பி வந்து உட்கார்வார்.

"ஒண்ணுமில்ல. சும்மா நெனப்பு."

ஆபீஸ் கிளார்க் என்று பெயரே தவிர, அப்பாவுக்கு ஃபேக்டரியில் பிடித்த இடம் தூள் சலிக்கிற ரூம்தான். தினமும் சாயங்காலம் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தூள் வறுபடும் வாசம் வருகிறது என்று மூடிய ஃபேக்டரியை அவர் எட்டி எட்டிப் பார்த்ததும் அம்மா கலங்கிப்போனாள்.

"உங்கப்பாவுக்கு ஏக்கம் மூக்குக்கு ஏறிப்போச்சு கண்ணு. சீக்கிரம் எதாச்சும் ஒரு வேல கெடைச்சாத்தான் ஆகும்" என்றாள், அடுப்படிக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்.

எனக்கும் அந்த வாசம் வந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்ததால் என் மூக்கு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் என் நோட்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில், ஒவ்வொரு நீலத்துக்கும் நேராக என் கையெழுத்திலேயே 'அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்' என்று இருக்கிறது. ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன். எழுதிய கைக்கும் அது உறைக்கவில்லை, முதல் வகுப்புத் தலைக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தூறலும் மஞ்சுமாக, பத்தடியில் நிற்கிற ஆள் தெரியாத காலை. என் திட்டம் எளிமையானது. கணப்பு வைத்தால் பதினோரு நிமிடம் நிச்சயம். ஜீப் சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டரைப் போடுவது. ஒரு கடிதம் அடிக்க அப்பாவுக்கு இரண்டு மூன்று நிமிடம். அவர் பார்த்துவிட்டு எழுந்ததும் அணைத்துவிடுவது. மீதி மழைக்காலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. சுவிட்சைப் போட்டேன். மசினகுடி சார் (எங்கள் வீட்டில் இன்றுவரை அவருக்கு அதுதான் பெயர்) பட்டுச்சட்டைக்கு மேல் கோட்டும், தலையில் குரங்குக்குல்லாயும் போட்டுக்கொண்டு நடுங்கியபடி உள்ளே வந்தார். கீழே காட்டுச் சூட்டில் இருக்கிறவருக்கு எங்கள் குளிர் ஆகவில்லை. நேராகக் கணப்புக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். அப்புறம்தான் கணப்பு யாருக்கு என்று கவனித்தார்.

"ஏம்மா, கம்ப்யூட்டருக்கு ஸ்வெட்டரா?"

"ஈரம் சார்" என்றேன், டாக்டர் மாதிரி.

"கணப்பும் அதுக்குத்தானா?"

"ஆமாங்க சார்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா டீயும் வடையும் கொண்டுவந்தாள். அங்கேதான் என் திட்டம் முதலில் ஆட்டம் கண்டது. டீயைக் குடிப்பதில் அந்த மனுஷருக்கு இருந்த நிதானத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "ஆகா, மேல இருக்கற டீயே தனிங்க" என்பார். ஒரு வடையைப் பிட்டு யானைக் கதை ஒன்று சொல்வார். யானை ஜீப்பை மறித்தது, ஜீப் பின்னால் போனது, யானை முன்னால் வந்தது. ஐந்து நிமிடம். ஆறு. யானை ரிவர்ஸ் எடுப்பதாக இல்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கிற பார்வையைப் பார்த்து, "பொண்ணுக்கு எங்காச்சும் போகணுமா?" என்று வேறு கேட்டார்.

ஏழாவது நிமிடத்தில் தம்ளரை வைத்தார். "சரிங்க, ஒரு லெட்டர் அடிங்க பாக்கலாம். சென்னைலேர்ந்து ஒரு குடும்பம், ரெண்டு ரூம், ரெண்டு நாள்."

அப்பா அடித்தார். விரல்கள் பறந்தன, இடது கை வரிக்கு ஒருமுறை காற்றை வெட்டியது. மசினகுடி சாரின் குல்லாய் கொஞ்சம் மேலேறியது. "பரவாயில்லீங்களே!" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கணப்பின் புகையில் அவர் இரண்டு தடவை இருமிவிட்டு, "அந்த ஜன்னலத் தொறந்துவிடும்மா" என்றார். திறந்தேன். அப்பா கடைசி வரிக்கு வந்து, 'இப்படிக்கு' என்று அடித்தார்.

நீலம்.

ஒன்பதே நிமிடம். (மறதியில் அன்றைக்குப் பல்பையும் எரியவிட்டிருந்தேன்.) அப்பா வழக்கம்போல் எழுந்து நின்றார். மசினகுடி சார் திரையை எட்டிப் பார்த்து, "இதென்னங்க, இதுவும் நம்ம லெட்டர்ல வருமா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன காரணம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் வெளியே ரோட்டிலிருந்து ஒரு கத்தல்.

"பாய்லர் போட்டுட்டாங்கோ! பாய்லர் போட்டுட்டாங்கோ!"

போஜன் அண்ணனின் குரல். மூன்றாவது வீடு, எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். படுகர் இனத்தவர், ஹெத்தையம்மா அவர்கள் குலதெய்வம். பின்னால் சரிவில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருந்தார். ஃபேக்டரி மூடியதிலிருந்து பறிக்க மனசில்லாமல் செடிகளைத் தலைக்கு மேல் வளரவிட்டிருந்தவர்.

"வாசம் வருது! எல்லாம் வாங்கோ! ஹெத்தையம்மா கண்ணத் தொறந்துட்டா!"

வாசம் வரத்தான் செய்தது. அன்றைக்கு என் மூக்குக்கே தெரிந்தது. திறந்த ஜன்னல் வழியாகப் போய், மஞ்சில் கலந்து, வரிசை வீடுகள் முழுக்கத் தேயிலை வறுபடும் வாசம். கதவுகள் திறந்தன. செருப்பு மாட்டாமல், குடை பிடிக்காமல், ஒருவர் கையில் பாதி தின்ற தோசையோடு, எல்லோரும் ரோட்டில் ஏறி ஓடினார்கள். ஒரு அம்மா கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டே ஓடினார்.

அப்பா ஒரு நொடி மசினகுடி சாரைப் பார்த்தார், ஒரு நொடி கதவைப் பார்த்தார்.

"ஒரு நிமிசமுங்க" என்றார். அவரும் ஓடிவிட்டார்.

இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும்போதே வேலைக்கு விண்ணப்பித்தவர் பழைய வேலைக்கு ஓடிப்போனதை மசினகுடி சார் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். நானும் அவரும் அம்மாவும் நீலத் திரையும் மட்டும் மிச்சமிருந்தோம். அம்மா, "இன்னொரு வடை வெச்சுக்குங்க" என்றாள். அவரும் வைத்துக்கொண்டார்.

மேலே நடந்ததைப் பிறகு பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஃபேக்டரி கேட் பூட்டியபடியே இருந்தது. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய முத்தையா என்ற வாட்ச்மேன், குடையின்கீழ் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தார். முப்பது பேர் மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்துக் கிழங்கைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னா கிளாக்கரய்யா, என்னா எல்லாரும்? தொரை யாரும் வரல்லியே!"

 போஜன் அண்ணன் பூட்டைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். அந்த முகங்களை நான் நேரில் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு நிம்மதி உண்டு.

அப்பாதான் முதலில் மூக்கை உயர்த்தினார். "இங்க வாசமே இல்லியே" என்றார். இரண்டடி கீழே இறங்கினார். முகர்ந்தார். இன்னும் பத்தடி. "இங்க லேசா வருது." அப்படியே அவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, ஊரே பின்னால் வந்தது. சாமி ஊர்வலம் மாதிரி அந்தக் கூட்டம் மஞ்சுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, ஒவ்வொரு வீடாகத் தாண்டி, எங்கள் வாசலில் ஏறி, ஹாலுக்குள் நுழைந்து, ரோஜாப்பூ போட்ட பச்சை ஸ்வெட்டரின் முன்னால் வந்து நின்றது. உறையின் பின்பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"இங்கதானுங்க ஓடிட்டிருக்குது ஃபேக்டரி" என்றார் அப்பா.

சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். கணப்பைக் காலால் தள்ளினார். அடுப்படியிலிருந்து கத்தி வரவழைத்து நாலு ஸ்குரூவையும் கழற்றினார். பெட்டி திறந்தபோது உள்ளே கம்ப்யூட்டர் இருப்பதாகவே தெரியவில்லை. தூள் சலிக்கும்போது பஞ்சு பஞ்சாகப் பறக்குமே ஒரு மெல்லிய பழுப்புத் தூசு, அது குருவிக்கூடு அளவுக்கு அடைந்து கிடந்தது. நடுவில் காற்றாடி சுற்ற வழியில்லாமல் சிக்கியிருந்தது. ஆபீஸ் ஜன்னலும் சலிக்கிற ரூமும் எதிரெதிர். வருடக்கணக்காக உறிஞ்சியிருக்கிறது. சூட்டில் திணறிக்கொண்டிருந்த பெட்டிக்குத்தான் நான் ஸ்வெட்டர் போட்டு, பல்பு எரித்து, கணப்பு வைத்திருக்கிறேன்.

அப்பா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் நசுக்கி முகர்ந்தார்.

"நம்ம தூளுதான். எம் பொண்ணு கொஞ்சம் கூடுதலா வறுத்துப்புட்டா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. நேராகப் போஜன் அண்ணனிடம் போய், "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அட உடு பாப்பா" என்றார் அவர். "நாலு மாசத்துல இன்னிக்குத்தான் நான் ஓடியிருக்கேன். காலு இன்னும் இருக்குதுன்னு தெரிஞ்சுது. நாளைக்குப் போயி அந்தச் செடிய வெட்டிக் கவாத்துப் பண்ணிடறேன். எப்பத் தொறந்தாலும் கொழுந்து வேணுமில்ல?"

அப்பா தன் ஷேவிங் பிரஷ்ஷால் பெட்டியைச் சுத்தம் செய்தார். ஸ்வெட்டர் இல்லாமல், பல்பு இல்லாமல், ஜன்னலைத் திறந்துவைத்து சுவிட்சைப் போட்டோம். காற்றாடி சுற்றியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பது நிமிடம் தாண்டியது, பதினொன்று தாண்டியது, பதினாலு, பதினெட்டு. நான் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஹாலில் நெருக்கியடித்து நின்ற முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து தாண்டியதும் தோசைக்காரர் கைதட்டினார். அப்பா உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் திரும்ப அடித்து, 'இப்படிக்கு' போட்டு முடித்தார். கடைசியில் இடது கையை ஓங்கித் தள்ளியதில் மசினகுடி சாரின் குல்லாய் கீழே விழுந்தது.

முகூர்த்தம் எப்போதோ முடிந்திருக்கும். மசினகுடி சார் குல்லாயை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க ரிசார்ட்லயும் ஒண்ணு இப்பிடித்தாங்க, நீலமா நீலமா நிக்குது. ரெண்டு பேரு வந்து பாத்தாங்க, காரணம் காரணமாச் சொல்றாங்க, ஒருத்தராச்சும் மோந்து பாக்கல" என்றார். "திங்கக்கிழமையே வந்துருங்க. அந்த பிரஷ்ஷையும் எடுத்துட்டு வாங்க."

அம்மா அன்று மாலையே திருப்பூர் மூட்டையைப் பிரித்து ஸ்வெட்டர்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். ஒரு பச்சை ஸ்வெட்டர் மட்டும் குறைந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அப்பா மசினகுடிக்குப் போய் ஐந்தாறு மாதம் கழித்து, பங்குனி மழை பெய்து கொழுந்து துளிர்த்திருந்த சமயம், ஒரு நாள் காலை நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அணைந்து, ஒயர் பிடுங்கி, அமைதியாக ஹாலில் இருந்தது. போஜன் அண்ணன் கையில் ஒரு பக்கெட் தண்ணீரோடு ரோட்டிலிருந்து பாய்ந்து வந்தார்.

"பாப்பா! கம்ப்யூட்டர அமத்து! மறுபடியும் வாசம் வருது!"

"அது போடவே இல்லீங்கண்ணா..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஹாலுக்குள் போய்விட்டார். பக்கெட் காலியாகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு குடத்தோடு. ஒருவர்கூட ஃபேக்டரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் ஏமாந்த ஊர், இனி ஏமாறுவதில்லை என்று முடிவு செய்திருந்தது.

நான்தான் பார்த்தேன். மேலே புகைபோக்கியிலிருந்து, வெள்ளையாக, நிஜப் புகை.

"அண்ணா, வெளிய வந்து பாருங்க" என்றேன்.

அவர் காலி பக்கெட்டோடு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டரை ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பார்த்தேன். எழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்குள் உண்மையான ஈரம் இருந்தது. என் பழைய வைத்தியமெல்லாம் இப்போது பொருந்தியிருக்கும். ஆனால் கணப்புச் சட்டியை அம்மா ஒளித்துவைத்துவிட்டாள். யாரும் அதற்காக வருத்தப்படவும் இல்லை.

நான் இப்போது குன்னூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். வருகிற பெட்டியை முதலில் முகர்ந்து பார்ப்பேன், வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்பா ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்காரும்போது, ஏதாவது ஒன்று நின்றுபோய் நான் முழிப்பதைப் பார்த்தால் அவருக்குக் குஷி வந்துவிடும். இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டுவார்.

"எதுக்கும் ஒருக்கா வெளிய போயிப் பாரு அம்மிணி. ஃபேக்டரி தொறந்திருக்கப் போவுது."